முழுச் சேதி

மார்கழி 22
பள்ளியிலிருந்து

அன்புத் தம்பி பாண்டிச்செல்வத்துக்கு,

அக்கா பாண்டிமீனா எழுதிக்கொள்வது. பெர்லினில் பனி கொட்டுகிறது என்று அம்மா சொன்னாள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது வழியாகத்தான் சளி பிடிக்கும். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போன சிவராத்திரியிலிருந்து நீ கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. அக்காவுக்குக் கோபம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கோபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட, உன் குரலைக் கேட்க என்னால் முடியவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன். கடைசிவரை படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

காட்டில் மக்காச்சோளம் இந்த வருடம் நன்றாக வந்திருந்தது. அதைப் பன்றிகள் பாதி தின்றுவிட்டன. மீதியைக் காப்பாற்ற அப்பா வரப்பெல்லாம் பழைய சேலையைக் கட்டி வைத்திருக்கிறார். அதில் என் கல்யாணச் சேலை ஒன்றும் இருக்கிறது. பன்றிகள் அதற்கு மரியாதை கொடுப்பதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா மட்டும் பத்து வயது குறைந்தவர்போல நடமாடுகிறார். காரணம் உனக்குத் தெரியும். வருகிற சிவராத்திரிக்கு நம் பங்காளிகள் அத்தனை பேரும் முதல் தடவையாக ஒரே சாமிப்பெட்டியைக் குலசாமி கோயிலுக்குத் தூக்கிப் போய் ஒரே பானையில் பொங்கல் வைக்கப் போகிறார்கள்.

பொங்கலோடு நின்றால் நான் ஏன் எழுதப்போகிறேன்? பொங்கல் இறக்கியதும் சூடம் கொளுத்திச் சத்தியம் செய்யப் போகிறார்கள். ஓடைக்கு அக்கரை ஊரோடு இனிமேல் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை, நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. கொடுத்த பெண்ணையும் திரும்ப அனுப்புவதில்லை. மூத்த வீட்டு மகன்தான் சூடத்தைக் கையில் ஏந்த வேண்டும். அது நீ. அதற்காகத்தான் அப்பா உன்னை லீவு போட்டு வரச் சொல்லி நச்சரிக்கிறார். அக்கரைக்குக் கொடுத்த பெண் நம் வீட்டில் நான் ஒருத்திதான். அந்தச் சூடத்தை நீ ஏந்தினால் நான் என் வீட்டுக்குப் போக முடியாது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

இனி ஒரு வாத்தியார் கதை. பொறுத்துக்கொள்.

போன மாதம் என் வகுப்பில் ஜெர்மனி ஒருங்கிணைந்த பாடம் நடத்தினேன். நீ இருக்கிற நாடுதான். முப்பத்துச் சொச்சம் துண்டாகக் கிடந்ததைப் பிரஷ்யாவின் பிஸ்மார்க் மூன்று போர் நடத்தி ஒன்றாக்கினார். முதலில் டென்மார்க்கோடு சண்டை, கூட நின்றது ஆஸ்திரியா. அடுத்து, கூட நின்ற அந்த ஆஸ்திரியாவோடேயே சண்டை. அதைத் தோற்கடித்து, இனி ஜெர்மனி என்றால் நீ கிடையாது என்று வெளியே தள்ளியாயிற்று. அப்போதும் தெற்கே சில ராஜ்யங்கள் சேராமல் முறுக்கிக்கொண்டு நின்றன. அவர்களைச் சேர்க்க மூன்றாவதாக ஒரு பொது எதிரி வேண்டியிருந்தது, பிரான்ஸ். ‘மூன்று போர்கள் ஜெர்மனியை ஒன்றாக்கின’ என்று எழுதினால் ஐந்து மார்க் முழுதாகப் போடுவேன். நீ போன வருடத்துக்கு முந்தின வருடம் அனுப்பிய போட்டோவை, அதுதான் தங்கச் சிறகு வைத்த பெண் சிலை நிற்கிற அந்தத் தூண், பிள்ளைகளிடம் காட்டினேன். அந்தத் தூணைச் சுற்றிப் பதித்திருப்பது மூன்று போரிலும் பிடித்த பீரங்கிக் குழாய்கள், தங்கமுலாம் பூசியவை என்று சொன்னேன். நீ அதன் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய்.

பாடம் நடத்த நடத்த எனக்கு நம் அப்பா நினைப்புத்தான். உனக்கும் தெரியும், அவரும் மூன்று சண்டைக்காரர். முதலில் கண்மாய் மடைக்காக வடக்கு ஊரோடு. அன்றைக்கு நம்மோடு தோள் கொடுத்து நின்றவர்கள் மேலவீட்டுப் பங்காளிகள். இரண்டாவது சண்டை அந்த மேலவீட்டாரோடேயே, கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று. பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு என்பார்கள். அப்பா பதம் பார்த்துத்தான் வெட்டினார். அவர்கள் நம் கோயிலுக்கு வருவதே நின்றுபோனது, பங்காளிக் கணக்கிலும் இல்லை என்றாயிற்று. அதற்குப் பிறகும் இன்னொரு பங்காளிக் கிளையான தெக்குவீட்டார் தனிப்பெட்டி, தனிப்பொங்கல் என்றே இருந்தார்கள். அவர்களும் வந்தது அக்கரையோடு நடந்த மூன்றாவது சண்டையில்.

அப்பாவைக் கெட்டவர் என்று எழுத எனக்கு வராது. தாத்தா செத்தபோது பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு இருந்ததால் பாடை தூக்க ஒருவரும் வரவில்லை. கூலிக்கு ஆள் பிடித்துத் தூக்கினார். அந்த அவமானம் அவர் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ‘எம்பொணத்தையாவது எம்பங்காளி தூக்கணும்’ என்று அவர் எத்தனை முறை சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். அவர் ஆசைப்பட்டதில் தப்பில்லை தம்பி. அதற்கு விலையாக எதைக் கொடுத்தார் என்பதுதான் உனக்குத் தெரியாது.

போன சிவராத்திரி அன்று மத்தியானம் என் மாமியார் வள்ளித்தாய் இறந்துபோனார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை மாதிரியும் இல்லை, இன்னொரு அம்மா. நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். உன் மச்சான் அருள்பாண்டி கதவோரம் நின்று முதல் போனை நம் அப்பாவுக்குத்தான் போட்டார். அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்:

‘மாமா, அம்மா தவறிருச்சு. மொதத் துட்டி ஒங்களுக்குத்தான் சொல்லுதேன். சாமிப்பெட்டி எப்பவும்போல எங்க ஊரு ரோட்டு வழியா வரட்டும், யாரும் குறுக்க நிக்க மாட்டோம். வேட்டு மட்டும் எங்க எல்லைக்கல்லு தாண்டி அங்கிட்டுப் போய்ப் போட்டுக்கிடுங்க. பொணம் வீட்டுல கெடக்கு. பெட்டியை எறக்கி வச்சிட்டு நீங்களும் அத்தையும் வந்துருங்க.’

இதுதான் அக்கரையிலிருந்து போன சேதி. அப்பா சரி என்றுதான் போனை வைத்தார். அந்நேரம் பெட்டி கிளம்புகிற இடத்தில் தெக்குவீட்டார், தங்கள் பெட்டியைத் தனியாகத்தான் எடுப்போம் என்று அப்பாவோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். அப்பா திரும்பி நின்று அவர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: ‘அக்கரைக்காரன் போன் போட்டுட்டான். நம்ம சாமி வேட்டை அவன் எல்லையில போடக்கூடாதாம்.’

பொய் இல்லை பார். ஒரு சொல்லைக்கூட அவர் சேர்க்கவில்லை. சாவு விழுந்த துட்டியை எடுத்துவிட்டார், மாமாவை எடுத்துவிட்டார், வந்துருங்க என்பதை எடுத்துவிட்டார். அதையே உனக்கும் போனில் அனுப்பினார். நீ அங்கிருந்து ஒரு குரல் பதிவு அனுப்பினாய். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மறக்கவே இல்லை. ‘நம்ம சாமிக்கு வேட்டுப் போட அவுககிட்ட உத்தரவு வாங்கணுமாலே? அவுக வாசல்லயே போடுங்க. எது வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன்.’

வெளிநாட்டிலிருந்து மூத்த வீட்டு மகனே சொல்லிவிட்டான் என்று அதைப் பெட்டிக்கு முன்னால் போன மைக் செட்டில் போட்டுவிட்டார்கள். அக்கரை எல்லைக்குள் நுழையும்போது திரும்பத் திரும்பப் போட்டார்கள். அத்தையைக் குளிப்பாட்ட நாங்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தோம். என் மகள் அழகுமீனா அவள் அப்பத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். உன் குரலைக் கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்து, ‘அம்மா, மாமா பேசுதாக’ என்றாள்.

பிறகு நடந்ததை நீ வீடியோவில் பார்த்திருப்பாய். தெக்குவீட்டார் பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் சொல்லிச் செய்து வாங்கிய சரவெடி அது. என் கொழுந்தன் மாரிசாமி கையெடுத்துக் கும்பிட்டபடி ரோட்டுக்கு ஓடினான், இங்கே பிணம் கிடக்கிறது என்று சொல்ல. வெடிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? யாரோ பற்றவைத்து எறிந்த சரம் அவன் முகத்தில் விழுந்தது. மதுரைக்குக் கொண்டுபோயும் இடது கண் வரவில்லை. ஆலங்குளம் சிமெண்ட் பேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடித்த பிள்ளை, இப்போது வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அக்கரையிலிருந்து வந்த கல்லில் தெக்குவீட்டு ஆள் ஒருவருக்கு மண்டை உடைந்தது. அந்த ரத்தத்தோடுதான் அவர்கள் தங்கள் பெட்டியை நம் பெட்டியோடு சேர்த்து வைத்தார்கள். அப்பா ஆனந்தத்தில் அழுதாராம்.

மறுநாள், அங்கே பிணம் கிடந்தது எல்லோருக்கும் தெரிந்துபோனது. தெக்குவீட்டார் கேட்டதற்கு அப்பா, ‘எனக்கு யாரும் துட்டி சொல்லல’ என்றுவிட்டார். முதலில் வெட்டினார், வெட்டின இடம் தெரியாமல் இருக்க இப்படி ஒட்டுப் போட்டார். சம்பந்திக்கே துட்டி சொல்லாத ஊர் என்று அதுவும் நமக்கு ஒரு கோபமானது. உனக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அத்தைக்குப் போர்த்த என்று அம்மா தன் டிரங்குப் பெட்டிக்குள் எடுத்து வைத்த கோடிச் சேலை இன்னும் அங்கேயே இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் எனக்கு ஆள் வந்தது, அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் விட்டுவிட்டு ஓடிவந்தேன். அம்மா அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். ‘என்ன தாயி திடீர்னு?’ என்று என்னைக் கேட்டாள். வாசலில் நின்ற அப்பா, ‘இனி நீ அங்கன போக வேண்டாம்’ என்றார். ஜெயித்த பிரஷ்யா, பிரான்ஸிடமிருந்து அல்சாஸ், லொரைன் என்று இரண்டு பகுதிகளைப் பிடுங்கிக்கொண்டது என்று வருடாவருடம் நடத்துகிறேன். அந்த ஊர் ஜனங்களை யாராவது கேட்டார்களா என்று ஒரு வருடமும் நான் யோசித்ததில்லை.

படித்தவள், சம்பளக்காரி, பஸ் ஏறிப் போக வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். போனால், எங்கள் பெண்ணை ஆசைகாட்டி இழுத்துவிட்டார்கள் என்று இவர்கள் நாலாவது சண்டைக்குக் கிளம்புவார்கள். அக்கரையாரோ, துக்க வீட்டை விட்டுப் போனவள், சோலைமலை மகள்தானே என்று அப்பா பெயரைச் சொல்லிக் குத்துகிறார்கள். உன் மச்சான் சனிக்கிழமைகளில் அழகுமீனாவை மல்லாங்கிணறு டீக்கடைக்குக் கூட்டிவந்து காட்டுகிறார். எங்காவது போய்விடலாம் என்றேன். மாரிசாமி கண்ணு இப்படி இருக்கும்போது வீட்டை விட்டு எப்படி வர என்கிறார். இருதலைக் கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறோம். எறும்புக்கு எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

பங்காளிகளிடம் நான் சொல்லிப் பார்த்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டுச் சாமிதான் சாமி, இந்தக் கோயில் கூட்டத்தில் அவளுக்குப் பேச்சில்லை என்று எழுப்பிவிட்டார்கள். புருசனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று சிரித்தார்கள். அம்மாவும் அப்பா சொன்னதைத்தான் நம்பினாள்.

பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன். திறக்கவைத்தது ஒரு மாணவி. முத்துமாரி என்று பெயர். அவள் அம்மா பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். மூன்றாவது போர் எப்படி வந்தது என்று நடத்தினேன். பிரஷ்ய ராஜாவிடம் பிரான்ஸ் தூதர் ஒன்று கேட்டார், ராஜா மரியாதையாக மறுத்தார். அதைத் தந்தியில் பிஸ்மார்க்குக்குத் தெரிவித்தார்கள். பிஸ்மார்க் அதை வெட்டிச் சுருக்கிப் பேப்பருக்குக் கொடுத்தார். இரண்டு பக்கமும் அவமானம் என்று கொதித்தது, போர் வந்தது. முத்துமாரி எழுந்து நின்று, ‘டீச்சர், அப்ப முழுத் தந்தி தெரிஞ்சவுக யாராவது இருந்திருப்பாகள்ல? அவுக ஏன் சொல்லல?’ என்று கேட்டாள். நான் திரும்பிக் கரும்பலகையை அழித்தேன். மணி அடித்துவிட்டது, தப்பித்தேன்.

தம்பி, முழுச் சேதி என்னிடம் இருக்கிறது. இப்போது உன்னிடமும் இருக்கிறது. நான் சொன்னால் அந்தக் கோயிலில் எடுபடாது. நீ சொன்னால் எடுபடும். நீ வா. சூடத்தை ஏந்துவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தில் உன் மச்சான் பேசியதை வாய்விட்டுச் சொல். பிறகும் அவர்கள் சத்தியம் செய்தால் செய்யட்டும், தெரிந்து செய்யட்டும். அப்பாவை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டே சொல்.

சாமி உனக்கு வழித்துணையாக இருக்கட்டும். ஸ்வெட்டர் போடு.

உன் அக்கா,
பாண்டிமீனா


மாசி 12
மல்லாங்கிணறு

தம்பிக்கு,

அக்காவின் ஆசி. லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நம்புகிறேன். கோயிலில் போடச் சொல்லி அப்பாவுக்கு நீ அனுப்பிய குரல் பதிவை எனக்கும் அனுப்பியிருந்தாய். உடனே கேட்கத் துணிவில்லை. சிவராத்திரி முடிந்த மறுநாள் காலையில்தான் கேட்டேன். அழுதேன். ஒரு சொல் விடாமல் சொல்லியிருக்கிறாய். ‘பொணம் வீட்டுல கெடக்கு’ என்ற இடத்தில் உன் குரல் உடைந்துபோயிருக்கிறது. ‘மாரிசாமி, என்னைய மன்னிச்சிரு’ என்று சொல்லியிருக்கிறாய். நீ என் தம்பிதான்.

ஆனால் கோயிலில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா உன் போன் பதிவை மைக்கில் வைத்தார். ஆரம்பத்தில் நீ, ‘பங்காளிக எல்லாரும் ஒண்ணா இருக்கணும், எங்க அப்பா பேச்சை நான் தட்டுனது கெடையாது’ என்று மரியாதைக்குச் சொல்லியிருந்தாய் அல்லவா? அது முடிந்ததும் எல்லோரும் குலவையிட்டுக் கைதட்டினார்களாம். அந்தச் சத்தத்திலேயே அப்பா போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டார். உன் பெயரைச் சொல்லி அவரே சூடத்தை ஏந்தினார். பொம்பளைகள் பக்கம் நின்ற அம்மா பார்த்தாள். ‘எம்மவன் இன்னும் பேசிக்கிட்டுத்தானே இருந்தான்?’ என்று வந்து என்னிடம் கேட்டாள்.

நான் முழுவதையும் போட்டுக் காட்டினேன். அம்மா இரண்டு தடவை கேட்டாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்தக் கோடிச் சேலையை எடுத்தாள். ‘துட்டி சொன்ன வீட்டுக்கு ஒரு வருசமா போகாம இருந்திருக்கேனே, வா தாயி’ என்றாள். முழங்கால் வலியோடு ஓடையில் இறங்கி ஏறினாள். பட்டப்பகலில், ஊர் பார்க்க.

அக்கரையில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. அம்மா கோடியை வள்ளித்தாய் அத்தையின் படத்துக்கு முன்னால் வைத்து, தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருட அழுகை. உன் பதிவை எல்லோர் முன்னாலும் போட்டேன். உன் மச்சான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மாரிசாமி நல்ல கண் இருக்கிற பக்கமாகத் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தான். முடிந்ததும், ‘மதினி, அன்னைக்கும் இவுக போன்லதான் பேசுனாக. இன்னைக்கும் போன்லதான் பேசுதாக. நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன். அதுவரைக்கும் நீங்க இங்க வந்து இருக்க ஊரு ஒத்துக்கிடாது’ என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

திரும்பி வந்தால் அப்பா வாசலில் என் பெட்டியோடு நிற்கிறார். சத்தியம் செய்த மறுநாளே மீறியாயிற்று. ‘பங்காளிக கேப்பாக, தாயி’ என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். அடிக்க வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அத்தனை பேரையும் ஒன்றாகச் சேர்த்தவரையே அந்த ஒற்றுமை கட்டிப்போட்டுவிட்டது. தன் மகளை வீட்டுக்குள் விட அவர் இப்போது தெக்குவீட்டாரைக் கேட்க வேண்டும். அம்மா அவருக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

நான் மல்லாங்கிணற்றில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். இரண்டு ஊருக்கும் இங்கிருந்து பஸ் உண்டு. இரண்டு பஸ்ஸும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போகின்றன.

முத்துமாரியின் கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்லிவிட்டேன். தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் சொல் போர் நடத்துகிறவர்களிடம் எடுபடவில்லை என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். அந்தத் தூணைப் பற்றியும் சொன்னேன். மூன்று போருக்கு மூன்று அடுக்காகக் கட்டினார்கள், பின்னால் வந்தவர்களுக்கு அது போதவில்லை, நாலாவது அடுக்கு ஒன்றை ஏற்றினார்கள், அதே வருடம் அடுத்த உலகப் போரும் வந்தது என்று.

சனிக்கிழமை அழகுமீனா வந்திருந்தாள். மடியில் உட்கார்ந்து என் போனை எடுத்து உன் பதிவை அவளே போட்டுக் கேட்டாள். போன சிவராத்திரியிலிருந்து அவள் உன் குரலைக் கேட்டது இரண்டே தடவை. ஒன்று, அப்பத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மைக்கில். மற்றது இது. கேட்டு முடித்துவிட்டு, ‘அம்மா, இதுல எது நம்ம மாமா?’ என்றாள்.

போனை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன் தம்பி. நீ வந்து சொல். வேலை போனாலும் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, ஆனாலும் சொல்கிறேன். தூரத்திலிருந்து வருகிற சொல்லை நடுவில் இருப்பவர்கள் வெட்டிவிடுகிறார்கள். நேரில் நிற்கிற ஆளை வெட்ட அப்பாவுக்கு மனது வராது. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும். இறங்கும்போது நான் அங்கே நிற்பேன்.

நீ நூறு வயது நல்லா இருக்க வேண்டும். சீக்கிரம் வா.

அக்கா,
பாண்டிமீனா